பணியிடக் கண்காணிப்புக் கேமராவும் ஊழியர் தனியுரிமையும்: ஒரு வரலாறு

வேலை செய்யும் இடத்தில் ஊழியர்களின் நடமாட்டத்தையும் செயல்களையும் நிர்வாகம் கேமரா மூலம் பார்ப்பதும் பதிவு செய்வதும் பணியிடக் காணொளிக் கண்காணிப்பு எனப்படும். துணிக்கடை, வங்கி, ஆலை, உணவகம், மருத்துவமனை, பள்ளிக்கூடம் என எங்குச் சென்றாலும் இன்று கூரையில் ஒரு கறுப்புக் குமிழைக் காண்கிறோம். "திருட்டைத் தடுக்கத்தானே" என்று வாடிக்கையாளர் அதைக் கடந்து போய்விடுகிறார். அவர் அந்தக் கேமராவின் கீழ் இருப்பது பத்து நிமிடம். அங்கு வேலை செய்பவர் இருப்பதோ பத்து மணி நேரம். ஆகவே இருவருக்கும் அந்தக் குமிழ் ஒரே பொருள் தருவதில்லை.

வேலையாட்களை மேற்பார்வையிடும் வழக்கம் கேமராவோடு பிறந்ததன்று. கூலிக்கு ஆள் வைக்கத் தொடங்கிய நாள் முதல் அது உண்டு. ஆனால் மேற்பார்வையாளரின் வெறுங்கண்ணுக்கு இயல்பாகவே சில எல்லைகள் இருந்தன. அந்த எல்லைகள் ஒவ்வொன்றாக எப்படி நீங்கின, அவற்றின் இடத்தில் சட்டம் எந்த எல்லைகளை வைக்க முயன்றது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கங்காணியின் கண்

தமிழருக்கு இது நன்கு பழகிய செய்தி. மேற்பார்ப்பவரைக் குறிக்கும் 'கண்காணி' என்ற சொல் பேச்சு வழக்கில் 'கங்காணி' ஆனது. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும், பின்னர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் ஆள் திரட்டிச் சென்றவர் கங்காணி. அங்கே அவர்களை வேலை வாங்கியவரும் அவரே. ஆங்கிலேயர் இதற்கு வேறு சொல் தேடாமல் தமிழ்ச் சொல்லையே தம் ஆவணங்களில் எழுதினர். இலங்கையில் தலைமைக் கங்காணிக்கு, அன்றைக்கு வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் இவ்வளவு என்று தலைக்காசு கிடைத்தது. எனவே யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்ப்பதில் அவருடைய வருமானமும் அடங்கியிருந்தது.

அந்த அதிகாரம் கொடியது. ஆயினும் கங்காணியின் கண்ணுக்கு மூன்று எல்லைகள் இருந்தன. முதலாவது, ஒரு நேரத்தில் ஒரு மலைச்சரிவைத்தான் அவரால் பார்க்க முடியும். இரண்டாவது, அவர் தொழிலாளரைப் பார்த்தால் தொழிலாளரும் அவரைப் பார்க்கலாம். அவர் தொலைவில் வரும்போதே நிரை முழுவதும் செய்தி பரவிவிடும். மூன்றாவது, பார்த்தது மறந்துபோகும். பார்த்ததாகச் சொல்வதை மறுக்கவும் முடியும். இம்மூன்று எல்லைகளும் நீங்கிய கதைதான் பணியிடக் கண்காணிப்பின் வரலாறு.

பட்டறையில் பிறந்த சிறைச்சாலை

இரண்டாவது எல்லையை உடைக்கும் எண்ணம், தோட்டங்களில் கங்காணி முறை வேரூன்றுவதற்கு முன்பே ஐரோப்பாவில் தோன்றிவிட்டது. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தம் பெயரைச் சொன்னதும் 'பனாப்டிகான்' என்ற வட்டவடிவச் சிறைச்சாலைத் திட்டம் பலருக்கு நினைவுக்கு வரும். நடுவில் ஒரு கோபுரம், சுற்றிலும் அறைகள். கோபுரத்திலிருப்பவர் எல்லா அறைகளையும் பார்க்கலாம். அறையிலிருப்பவருக்கோ தாம் இப்போது பார்க்கப்படுகிறோமா என்பது தெரியாது.

இத்திட்டத்தின் மூலம் சிறைச்சாலை அன்று, தொழிற்பட்டறையே. ஜெரமியின் தம்பி சாமுவேல் பெந்தம், ரஷ்யாவின் இளவரசர் பொட்டெம்கினிடம் பொறியாளராக வேலை பார்த்தார். இன்றைய பெலாரஸில் உள்ள கிரிச்செவ் என்ற ஊரில், பயிற்சியற்ற ஏராளமான தொழிலாளரைச் சில மேற்பார்வையாளர்களைக் கொண்டே கவனிப்பதற்காக அவர் நினைத்த கட்டடம் அது. தம்பியைக் காணச் சென்ற ஜெரமி, 1787 இல் இதைப் பற்றி அங்கிருந்து கடிதங்கள் எழுதினார். அவை 1791 இல் நூலாயின. இந்த அமைப்பு எங்கெல்லாம் பயன்படும் என்று அந்நூலின் தலைப்புப் பக்கம் பட்டியலிடுகிறது. அதில் சிறைச்சாலையுடன் தொழிற்சாலை, மருத்துவமனை ஆகியவையும் உண்டு, பள்ளிக்கூடமும் உண்டு.

ஆய்வாளர் பள்ளிக்கு வரும் நாளை அறிந்த எவருக்கும் பெந்தத்தின் கருத்து எளிதில் விளங்கும். கடைசி பெஞ்சில் அவர் உட்கார்ந்த நொடியில் வகுப்பின் இயல்பே மாறிவிடும். ஆசிரியர் குரல் மாறும்; பிள்ளைகள் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆய்வாளர் மாலையில் போய்விடுவார். போனாரா இல்லையா என்பதே தெரியாமல் ஆண்டு முழுவதும் வகுப்பு நடத்த வேண்டியிருந்தால் எப்படி இருக்கும்? பெந்தத்தின் கோபுரம் அந்த நிலையைத்தான் உண்டாக்குகிறது.

நிறுத்துக் கடிகாரமும் திரைப்படமும்

மூன்றாவது எல்லையான மறதி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நீங்கியது. பிரெடெரிக் வின்சுலோ டெய்லர் என்ற பொறியாளர், ஒவ்வொரு வேலையையும் சிறுசிறு அசைவுகளாகப் பிரித்து, நிறுத்துக் கடிகாரத்தால் அளந்து, 'சரியான' நேரத்தை நிர்ணயிக்கும் முறையை உருவாக்கினார். அவரது 'அறிவியல் மேலாண்மைக் கோட்பாடுகள்' என்ற நூல் 1911 இல் வெளிவந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வாட்டர்டவுன் ராணுவத் தளவாடச் சாலையில், வார்ப்புத் தொழிலாளர் ஒருவரின் வேலையை நிறுத்துக் கடிகாரத்துடன் அளக்க முற்பட்டனர். அளவெடுக்க உடன்படாதவர் வேலைநீக்கம் செய்யப்பட, மற்றவர்கள் வேலையை விட்டு வெளியேறினர். வேலைநிறுத்தம் சில நாள்களில் முடிந்தது; விளைவு நீண்டது. நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரணை நடத்தியது. டெய்லரே அதன் முன் சாட்சியம் அளித்தார். 1915 இல் ராணுவ நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில், தளவாடச் சாலைகளில் நிறுத்துக் கடிகார அளவீட்டைத் தடை செய்யும் விதி சேர்க்கப்பட்டது. அத்தடை முப்பது ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. கண்காணிப்புக் கருவி ஒன்றைத் தொழிலாளர் எதிர்த்து நின்று, சட்டத்தின் மூலம் தடுத்த தொடக்ககால நிகழ்ச்சிகளில் இது முக்கியமானது.

கடிகாரத்தை அடுத்து வந்தது படக்கருவி. பிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் 1912 அளவில், ரோட் தீவு மாநிலத்தின் ஒரு தொழிற்சாலையில், தொழிலாளர் வேலை செய்வதைத் திரைப்படமாக எடுத்தனர். நுண்ணிய நேரத்தைக் காட்டும் கடிகாரம் ஒன்றைப் படச்சட்டத்துக்குள்ளேயே வைத்தனர். பின்னர் தொழிலாளியின் விரல்களில் சிறு மின்விளக்குகளைக் கட்டி, கை சென்ற பாதையை ஒளிக்கோடுகளாகவும் பதிவு செய்தனர். வீண் அசைவைக் குறைத்துத் தொழிலாளியின் களைப்பைத் தீர்ப்பதே தம் நோக்கம் என்றனர். கட்டுமானத் தொழிலில் கொத்தனார் செங்கல்லுக்காக ஒவ்வொரு முறையும் குனிய வேண்டாத சாரத்தைக் கண்டுபிடித்தவர் பிராங்க் என்பதால், அந்தக் கூற்றை முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஆனால் ஒன்று மாறிவிட்டது. தொழிலாளியின் உடலசைவு, அவர் வீட்டுக்குப் போன பிறகும், அவர் இல்லாத அறையில், எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கக்கூடிய பொருளாயிற்று.

தொலைக்காட்சி வந்தது

எஞ்சியிருந்தது முதல் எல்லை. அது நீங்கப் போவதை ஒரு நகைச்சுவைக் கலைஞர் முன்கூட்டியே காட்டினார். 1936 பிப்ரவரியில் வெளியான 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில், சார்லி சாப்ளின் ஏற்ற தொழிலாளி, ஆலைக் கழிவறையில் சற்று ஒதுங்கிப் புகைபிடிப்பார். உடனே சுவர் முழுவதும் முதலாளியின் முகம் தோன்றி, வேலைக்குப் போகச் சொல்லி அதட்டும். பிரிட்டனில் பிபிசியின் முறையான தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது அதே ஆண்டு நவம்பரில்தான். வீட்டுக்குள் தொலைக்காட்சி பரவுவதற்கு முன்பே, அது பணியிடத்தில் எதற்குப் பயன்படும் என்று சாப்ளின் ஊகித்துவிட்டார்.

மூடிய சுற்றுத் தொலைக்காட்சி, அதாவது சிசிடிவி, முதலில் பணியாளரைப் பார்க்க அமைக்கப்படவில்லை. 1942 இல் ஜெர்மனியின் பீனமுண்டே தளத்தில், வி-2 ஏவுகணை ஏவப்படுவதைப் பாதுகாப்பான தொலைவிலிருந்து பார்க்க அமைக்கப்பட்டதே இதன் தொடக்கமாகக் குறிப்பிடப்படுகிறது. 1956 இல் காந்த நாடாவில் காட்சியைப் பதியும் கருவி விற்பனைக்கு வந்தது. 1996 இல் ஸ்வீடனின் ஆக்சிஸ் நிறுவனம் கணினி வலையமைப்பில் நேரடியாக இணையும் கேமராவை வெளியிட்டது. அதன்பின் முதலாளி கடையில் இருக்கத் தேவையில்லை. ஊரில் இருக்கவும் தேவையில்லை. கையிலுள்ள பேசியில் பத்துக் கிளைகளையும் பார்க்கலாம். கங்காணியின் கண்ணுக்கிருந்த மூன்று எல்லைகளும் இவ்வாறு நீங்கின. இயற்கையான எல்லை போன பிறகு, செயற்கையாக எல்லை வகுக்கும் பொறுப்பு சட்டத்துக்கு வந்தது.

அமெரிக்கா: கண் பார்ப்பதும் கருவி பார்ப்பதும்

1997ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான இரு முடிவுகள் இச்சிக்கலின் இரு பக்கங்களைக் காட்டுகின்றன.

புவேர்ட்டோ ரிக்கோ தொலைபேசி நிறுவனத்தில், தடுப்புச் சுவரற்ற ஒரு பொதுக்கூடத்தில் வேலை செய்தவர்களை முழுநேரமும் கேமரா பார்த்தது. ஒலி பதிவாகவில்லை, கேமரா இருப்பது ஊழியர்களுக்குத் தெரியும். மேற்பார்வையாளர் வெறுங்கண்ணால் பார்க்க உரிமையுள்ள இடத்தைக் கேமரா பார்ப்பதால் தனியுரிமை மீறப்படவில்லை என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. கேட்பதற்கு இது நேரிய வாதம். ஆனால் கண்ணுக்கும் கேமராவுக்கும் இடையே மேலே கண்ட மூன்று வேறுபாடுகளை அது கணக்கில் கொள்ளவில்லை.

மற்றொன்று இந்தியானா மாநிலத்தில் உள்ள கோல்கேட்-பாமோலிவ் ஆலை பற்றியது. ஆண்கள் கழிவறையின் காற்றுத் துவாரத்தில் மறைகேமரா இருப்பதை ஒரு தொழிலாளி கண்டார். தொழிற்சங்கம் வழக்குத் தொடுத்தது. கூலி, வேலைநேரம் ஆகியவற்றைப் போலவே, மறைகேமரா வைப்பதும் சங்கத்துடன் பேசித் தீர்க்க வேண்டிய செய்தி என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் முடிவு செய்தது. கேமராவே கூடாது என்று வாரியம் சொல்லவில்லை. தொழிலாளர் தரப்பைக் கேட்காமல் வைக்கக் கூடாது என்றது.

ஜெர்மனி: கேட்டுச் செய்யும் முறை

'கேட்டுச் செய்தல்' என்பதை முன்னரே சட்டமாக்கிய நாடு ஜெர்மனி. 1972ஆம் ஆண்டின் நிறுவன அமைப்புச் சட்டப்படி, ஊழியரின் நடத்தையையோ செயல்திறனையோ கண்காணிக்கும் எந்தத் தொழில்நுட்பக் கருவியைப் பொருத்தவும், ஊழியர்கள் தேர்ந்தெடுத்த பணியாளர் மன்றத்தின் இசைவு வேண்டும். 1983 இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வழக்கில், தன்னைப் பற்றிய தகவலை யார், எதற்குப் பயன்படுத்தலாம் என்று தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது.

இத்தனை இருந்தும், 2008 மார்ச்சில் 'ஸ்டெர்ன்' இதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. லிடல் பேரங்காடித் தொடரின் கிளைகளில் துப்பறிவாளர்கள் சிறு கேமராக்களைப் பொருத்தி ஊழியர்களைப் பற்றிக் குறிப்பெழுதியிருந்தனர். திருட்டைக் கண்டுபிடிக்க என்று தொடங்கிய அக்குறிப்புகளில், யார் எத்தனை முறை கழிவறைக்குப் போனார், யாருக்கு யாருடன் நெருக்கம் என்பன போன்றவையும் இருந்தன. அந்நிறுவனத்துக்கு அவ்வாண்டு செப்டம்பரில் 14 லட்சம் யூரோவுக்கும் மேல் தண்டம் விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, ஊழியர் தரவுகளுக்கான தனி விதி ஒன்று தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஒரு நோக்கத்துக்கு வைத்த கண், அந்த நோக்கத்தோடு நின்றுகொள்ளாது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்

இக்கேள்வியை மிக நுட்பமாக ஆராய்ந்த வழக்கு ஸ்பெயினில் எழுந்தது. 2009 இல் பார்சிலோனாவுக்கு அருகிலுள்ள ஒரு பேரங்காடியில், சரக்கிருப்புக்கும் விற்பனைக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை. ஐந்து மாதங்களில் இழப்பு 80,000 யூரோவைத் தாண்டியது. ஜூன் மாதம் நிர்வாகம் இருவகைக் கேமராக்களைப் பொருத்தியது. வாசல்களை நோக்கியவை வெளிப்படையானவை. அவற்றைப் பற்றி ஊழியர்களுக்குச் சொல்லப்பட்டது. பணம் செலுத்துமிடத்தை நோக்கியவை மறைவானவை. அவற்றைப் பற்றிச் சொல்லப்படவில்லை. பத்து நாள் பதிவுக்குப் பின் 14 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். அவர்களில் ஐவர் ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றனர்.

2018 ஜனவரியில் அந்நீதிமன்றத்தின் ஓர் அமர்வு, முன்னறிவிப்பின்றிப் பதிவு செய்தது தனிவாழ்வுரிமையை மீறியது என்றது. 2019 அக்டோபர் 17 அன்று பேரமர்வு, 14க்கு 3 என்ற வாக்கில், மீறல் இல்லை என்று அதை மாற்றியது. கடுமையான தவறு நடப்பதாக நியாயமான ஐயம் இருந்தது, இழப்பு பெரிது, கண்காணிப்பு பத்து நாளே நடந்தது, பதிவைப் பார்த்தவர் சிலரே, இடமும் பொதுமக்கள் வந்துபோகும் இடம் என்பன காரணங்கள். ஆயினும் பேரமர்வு சில எல்லைகளைத் தெளிவாக வரைந்தது. கழிவறை, உடைமாற்றும் அறை போன்ற இடங்களில் தனியுரிமை மிக உயர்ந்தது. மூடிய அலுவலக அறையிலும் உயர்ந்தது. பலர் பார்க்கும் இடத்தில் குறைவு, ஆனால் இல்லாமல் போவதில்லை. சிறு ஐயம் இருக்கிறது என்பதற்காகவே மறைகேமரா வைத்துவிட முடியாது. ஒரே நீதிமன்றம், ஒரே வழக்கு, இரு முடிவுகள் என்பதிலிருந்தே இச்சிக்கல் எவ்வளவு கடினமானது என்பதை மாணவர்கள் உணரலாம்.

ஆசிரியர்களுக்கு நெருக்கமான வழக்கு ஒன்றும் உண்டு. மொண்டெனேகுரோ பல்கலைக்கழகத்தில் 2011 இல் விரிவுரைக் கூடங்களில் கேமரா வைத்தனர். உடைமைக்கும் ஆள்களுக்கும் பாதுகாப்பு என்பதுடன், கற்பித்தலைக் கண்காணிப்பதும் அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. பேராசிரியர் இருவர் எதிர்த்தனர். வகுப்பறை பொது இடம், அங்கே தனிவாழ்வு ஏது என்று உள்நாட்டு நீதிமன்றங்கள் கேட்டன. 2017 நவம்பர் 28 அன்று ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம், 4க்கு 3 என்ற வாக்கில், பேராசிரியர் பக்கம் நின்றது. வகுப்பறை பாடம் சொல்லும் இடம் மட்டுமன்று. ஆசிரியரும் மாணவரும் பழகி உறவை வளர்க்கும் இடமும் ஆகும் என்பது தீர்ப்பின் சாரம்.

இந்தியாவில்

2017 ஆகஸ்ட் 24 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, நீதிபதி புட்டசாமி வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அடிப்படை உரிமை பெரும்பாலும் அரசுக்கு எதிராகவே கேட்கக்கூடியது. தனியார் முதலாளிக்கு எதிராகக் கேட்கத் தனிச் சட்டம் தேவை. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவரது இசைவின்றிப் படம் பிடிப்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு குற்றமாக்குகிறது. இதற்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஆனால் பணியிடத்தில் பொதுவாக வைக்கும் கேமராவை அப்பிரிவு தொடுவதில்லை.

2023 இல் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஒருவரின் தரவைத் திரட்ட அவருக்கு அறிவித்து இசைவு பெற வேண்டும் என்பது அதன் பொது விதி. அதன் 7ஆம் பிரிவு சில விலக்குகளைத் தருகிறது. வேலைவாய்ப்பு தொடர்பான தேவைக்கும், முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்கும் ஊழியரின் இசைவு இன்றியே தரவைப் பயன்படுத்தலாம் என்பது அவற்றுள் ஒன்று. ஜெர்மனியில் பணியாளர் மன்றத்தைக் கேட்க வேண்டிய இடத்தில், இங்கே ஊழியரையும் கேட்கத் தேவையில்லை.

இதன் பொருளை அன்றாட வாழ்வில் வைத்துப் பார்க்கலாம். நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை பார்க்கும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021 இல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது. சட்டம் நாற்காலியைக் கொடுத்தது. அதில் யார், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று மேலேயுள்ள கேமரா எண்ணிக்கொண்டிருந்தால், காலோய்ந்த பெண் அதில் உட்காரத் துணிவாரா?

எல்லை எங்கே?

கேமராவால் ஊழியருக்கு நன்மையே இல்லை என்பது சரியன்று. கல்லாவில் பணம் குறைந்தபோது வீண்பழியிலிருந்து ஒருவரைக் காப்பாற்றுவதும், விபத்துக்குக் காரணம் பழுதான இயந்திரமே என்று காட்டுவதும், தொல்லை கொடுத்த மேலாளருக்கு எதிராகச் சான்றாவதும் அதே பதிவுதான். ஆனால் அந்தப் பதிவு யாரிடம் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முதலாளிக்குத் தேவைப்படும்போது அது கிடைக்கிறது; ஊழியருக்குத் தேவைப்படும்போது கிடைக்குமா என்பது முதலாளியின் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிடக் கூடாது.

வாட்டர்டவுன் முதல் மொண்டெனேகுரோ வரை நடந்தவற்றைத் தொகுத்துப் பார்த்தால், எல்லை எது என்பதற்குச் சில கேள்விகள் கிடைக்கின்றன. கேமரா எங்கே இருக்கிறது என்று சொல்லப்பட்டதா? எதற்காக என்று சொல்லப்பட்டதா? சொன்ன காரணத்துக்கு மட்டும் அது பயன்படுகிறதா? பதிவை யார் பார்க்கிறார், எத்தனை நாள் வைத்திருக்கிறார்? பார்க்கப்படுபவரும் அந்தப் பதிவைக் கேட்டுப் பெற முடியுமா? வைப்பதற்கு முன் ஊழியர் தரப்பிடம் பேசினார்களா? ஆலைக்கும் கடைக்கும் பள்ளிக்கும் இவை பொருந்தும். முதல் வேலையில் சேரும் மாணவர், சம்பளம் எவ்வளவு, விடுமுறை எத்தனை என்று கேட்பதோடு இவற்றையும் பணிவாகக் கேட்கலாம், தவறில்லை.

தேயிலை மலையில் கங்காணி வருவதைத் தொழிலாளர் தொலைவிலேயே கண்டுகொண்டார்கள். அந்தச் சிறு வாய்ப்பை எந்தச் சட்டமும் அவர்களுக்குத் தரவில்லை. மனிதக் கண்ணின் இயல்பே தந்தது. கேமராவுக்கு அந்த இயல்பு இல்லை. எனவே யார் பார்க்கிறார் என்பதை அறியும் உரிமையை, இனிச் சட்டம்தான் எழுதித் தர வேண்டும்.